வட்டத்துக்கு வெளியே எழுத இடமில்லை

அந்த மலையில் சென்டிமீட்டர் கட்டிப்பிடிக்காத மரம் ஒன்றுகூடக் கிடையாது. கண்ணைக் கட்டிக் கூட்டிப் போனாலும் பட்டையைத் தடவிப் பார்த்தே மரத்தின் பருமனைச் சொல்லிவிடுவார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் மரங்கள் மூச்சை இழுத்துப் பிடித்து நிமிர்ந்து நிற்கும். சரி, கடைசியில் சொன்னது கொஞ்சம் அதிகம். முதலில் சொன்னதும் அதிகம்தான். மலையில் இருந்தவை பல லட்சம் மரங்கள், அவர் நாடா சுற்றியது அறுநூறு சொச்சத்தை. ஆனால் நடுவில் சொன்னது சத்தியம். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

சென்டிமீட்டர் என்பது ஊர் வைத்த பெயர். வனக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் மரம் அளப்பது அவர் வேலை. இருபது வருஷத்துக்கு முன்னால் பல நாடுகள் கூடிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. ஒவ்வொரு நாட்டுக் காட்டிலும் எவ்வளவு மரம் நிற்கிறது, அந்த மரங்கள் காற்றிலிருந்து இழுத்துத் தம் உடம்பில் பூட்டிவைத்திருக்கும் கார்பன் என்கிற கரி எவ்வளவு, அது வருஷா வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று எல்லாரும் ஒரே முறையில் கணக்கெடுக்க வேண்டும். சில நாடுகளிடம் செயற்கைக்கோள் இருந்தது. சில நாடுகளிடம் கணக்குப் புலிகள் இருந்தார்கள். சில நாடுகளிடம் காட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் வானத்திலிருந்து பார்த்தால் பச்சை தெரியுமே தவிர, அந்தப் பச்சையின் எடை தெரியாது. அதற்கு யாராவது ஒருவர் மரத்தடியில் போய் நிற்க வேண்டியிருந்தது. அந்த யாராவதுதான் இவர்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் மொத்தத் திட்டமும். காடு முழுவதையும் அளக்காமல், அங்கங்கே தரையில் ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குள் நிற்பதை மட்டும் அளப்பார்கள். அவர் பொறுப்பில் அந்த மலையில் பதினொரு வட்டம், மற்ற மலைகளில் ஐம்பத்தொன்று. வட்டத்தின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியை முழுவதும் மண்ணுக்குள் இறக்கி, மேலே சருகைத் தள்ளி மூடிவிடுவார்கள். மறுபடி வரும்போது இரும்பைக் கண்டால் கத்தும் கருவியை வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். வட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பதில், அதாவது ஏறக்குறைய நம் நெஞ்சு உயரத்தில், நாடா சுற்றி அளப்பார் சென்டிமீட்டர். அளவை உரக்கச் சொல்வார். குறிப்பேட்டுக்காரி அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுதினால் செல்லாது.

கண்டிப்பான விதி ஒன்று உண்டு. வட்டம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. மரத்தில் ஒரு கீறல், ஒரு பெயிண்ட் புள்ளி, ஒரு கயிறு, எதுவும் கூடாது. தெரிந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் பொத்திப் பொத்தி வைப்பார்கள், இல்லையென்றால் அதை மட்டும் கெடுப்பார்கள். பதம் பார்க்கிற சோற்றைத் தனியாக வேகவைத்தால் பானையைப் பற்றி அது என்ன சொல்லும்? பயிற்சி வகுப்பில் இதை நாலு நாட்டுக்காரர்கள் நாலு விதமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் ஒன்பது வருஷம் அதைக் காப்பாற்றினார்.

பத்தாம் வருஷம் ஒரு மத்தியானம் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வீட்டுக்கு வந்தார். மர வியாபாரி.

"மாப்பிள்ளை, மலையில நமக்கு உத்தரவு ஆயிடுச்சு. கிழக்குப் பக்கம் பூரா நம்ம கையில."

"எந்தக் கிழக்கு?"

"சூரியன் உதிக்கிற கிழக்குதான். உங்க ஆபீஸ்ல வேற கிழக்கு வச்சிருக்கீங்களா?"

"காய்ஞ்ச மரத்தை மட்டும் எடுக்கத்தானே உத்தரவு குடுப்பாங்க?"

"வெட்டிப் போட்டா எந்த மரமும் காயத்தானே மாப்பிள்ளை செய்யும்?"

மனைவி சிரித்துவிட்டாள். சென்டிமீட்டர் சிரிக்கவில்லை. சாப்பிட்ட கையோடு அலுவலகத்துக்குப் போய் மேலாளரிடம் சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். மூன்று தடவை கொடுத்தார். மூன்றும் மேலாளர் அறையின் இரும்பு பீரோவுக்குள் போயின. அந்த பீரோ போனது வராத ஜாதி. அதற்குள் மலையில் ரம்பச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், வெள்ளை பெயிண்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு அவர் தனியாக மலையேறினார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஏறினார். பதினொரு வட்டத்திலும் இருந்த ஒவ்வொரு மரத்துக்கும் நாலு விரல் அகலத்தில் வெள்ளைப் பட்டை போட்டார். அதையும் ஒரு மீட்டர் முப்பதில்தான் போட்டார். மனுஷன் தப்பையும் அளந்துதான் செய்தார்.

பிறகு மச்சானின் மரக் கிடங்குக்குப் போனார்.

"மச்சான், வெள்ளைப் பட்டை போட்ட மரத்தை மட்டும் தொட்டுடாதீங்க."

"ஏன், உங்க தாத்தா நட்டு வச்சதா?"

"அது ஒவ்வொண்ணையும் மேலேருந்து பதினேழு நாடு பார்த்துட்டு இருக்கு. ஒண்ணு சாஞ்சாலும் அங்க மணி அடிச்சிடும்."

"மணியா?"

"மணிதான். அப்புறம் யார் வெட்டினது, எந்த ரம்பம், எல்லாம் படம் வந்துடும்."

மச்சான் அண்ணாந்து பார்த்தார். கையோடு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அப்ப நான் மாடியில குளிக்கிறதும் தெரியுமா?"

"அதைப் பார்க்கிற தைரியம் எந்த நாட்டுக்கும் இல்ல மச்சான்."

வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அது. முதல் பொய்யாக இருந்ததால் நன்றாகவே எடுபட்டது. மச்சான் ஆட்களிடம் சொன்னார், ஆட்கள் மற்ற வியாபாரிகளின் ஆட்களிடம் சொன்னார்கள். அதன்பின் ஒன்பது வருஷம் வெள்ளைப் பட்டை மரத்தின் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. மற்றதையெல்லாம் வெட்டினார்கள்.

சருகு மெத்தையில் நிழலோடு நிழலாக ஏறிப் போன வழியில் இப்போது தொப்பி இல்லாமல் நடக்க முடியாது. அடிக்கட்டைகளின் மேல் கொடி படர்ந்து, நடுவில் விரல் பருமனில் குச்சி குச்சியாகச் செடி முளைத்து, எட்ட நின்று பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. கொடியை மிதித்துக்கொண்டு மணிக்கணக்காக நடந்தால் திடீரென்று பெரிய மரங்கள் ஐம்பது அறுபது வட்டமாக நிற்கும். உள்ளே போனால் குளிரும். அளந்து முடித்து வெளியே வந்தால் மறுபடி வெயில்.

"அண்ணா, வெளியே இப்படி இருக்கிறதை எங்க எழுதுறது?" என்று குறிப்பேட்டுக்காரி ஒரு தடவை கேட்டாள்.

"படிவத்துல அதுக்கு இடம் இருக்கா?"

அவள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். "வட்டத்துக்கு வெளியே எழுத இடமில்லண்ணா."

"அப்ப விடும்மா."

அவளும் விட்டாள். வேறு ஊரிலிருந்து சரிபார்க்க வருகிறவர்கள் பத்து வட்டத்துக்கு ஒன்றைத்தான் குலுக்கிப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரே ஒரு முறை அவர்கள் இந்த மலைக்கு வந்தபோது, வெள்ளைப் பட்டையை அலுவலகத்தின் புது நடைமுறை என்று நினைத்துக்கொண்டு, அளவு மில்லிமீட்டர் பிசகாமல் இருப்பதைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். சென்டிமீட்டர் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிவைத்திருந்தார். வட்டத்துக்குள் இருப்பதைக் காப்பாற்றியாகிவிட்டது. வெளியே நடப்பதை வானத்தில் இருப்பவர்கள் என்றைக்காவது பார்க்காமலா போவார்கள்?

போன வருஷம் பார்த்தார்கள். பார்த்ததைச் சொல்லத்தான் அந்த நிபுணர் வந்தார். கூட்டு நாடுகளில் ஒன்றிலிருந்து வந்த நரைத்த தலைப் பெண்மணி. நம் மொழியைப் புத்தகத்திலிருந்து கற்றவர். அச்சடித்த மாதிரி பேசுவார். மேலாளர் அறைச் சுவரில் ஒரு பெரிய வரைபடத்தை ஒட்டிவிட்டு, சென்டிமீட்டரை அழைத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"தங்களைக் காண்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன், ஐயா. தங்கள் நாடா எங்களைப் பெரும் பிழையிலிருந்து காப்பாற்றியது."

"நானா மேடம்?"

"புதிய செயற்கைக்கோள் ஒன்று இலைகளை ஊடுருவி மரங்களின் பருமனை அறிய வல்லது. தங்கள் மலையில் பாதி மரங்கள்கூட இல்லை என்று அது கூறியது. நாங்கள் தங்கள் அளவுகளை எடுத்துப் பார்த்தோம். மரங்கள் நிற்கின்றன, பருத்தும் வருகின்றன! எனவே கருவியின் கணக்கையே தங்கள் அளவுக்கு ஏற்பத் திருத்தினோம். அதே திருத்தத்தை இவ்வகைக் காடுகள் அனைத்துக்கும் செய்தோம். அண்டை நாடுகள் இரண்டுக்கும்கூட."

சென்டிமீட்டர் சுவரைப் பார்த்தார். மலையின் கிழக்குப் பக்கம் முழுக்கக் கரும்பச்சை. கொடியைத் தவிர எதுவும் இல்லாத சரிவு, ரம்பம் போகிற பாதை, மச்சானின் லாரி நிற்கிற மேடு, எல்லாம் கரும்பச்சை.

"இது மரம் வேகமாக அழியும் மலைகளின் பட்டியல்" என்று நிபுணர் ஒரு தாளைக் காட்டினார். "இவற்றில் ஒரு மாதத்துக்குள் கூட்டுக் காவல் அமையும், வெட்டுதல் நின்றுவிடும். வெள்ளிக்கிழமையுடன் பட்டியல் முடிகிறது. தங்கள் மலைக்கு அந்த அவல நிலை இல்லை. தாங்கள் மகிழலாம்."

சென்டிமீட்டர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். மலையின் பெயர் இல்லை.

"மேடம், வட்டத்துக்குள்ள மட்டும்தான் மரம் இருக்கு. வெளியே ஒண்ணும் இல்ல. உங்க மெஷின் சொன்னதுதான் சரி."

மேலாளர் பதறிப்போனார். "வெயில்ல அலைஞ்சு வந்திருக்கார் மேடம், தலை சுத்துது போல. யோவ், தண்ணி குடிய்யா."

"தலை எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் பட்டை அடிச்சேன். அதனாலதான் அதை மட்டும் விட்டுவச்சாங்க."

நிபுணர் பேனாவை எடுத்தார். "எத்தனை வட்டங்கள்?"

"பதினொண்ணு."

"எத்தனை ஆண்டுகளாக?"

"ஒன்பது வருஷமா."

"பிற மலைகளில்?"

"இல்ல மேடம். சத்தியமா இல்ல. இங்க மட்டும்தான்."

நிபுணர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "அதை நான் எவ்வாறு நம்புவேன், ஐயா?"

பதினெட்டு வருஷம் மில்லிமீட்டர் பிசகாத மனிதர் அந்தத் தாளை மேஜை விளிம்போடு ஒட்டி நேராக வைத்தார். பிறகு ஒன்றை மட்டும் கேட்டார். "நான் எடுத்த அளவை எல்லாம் அடிச்சிடுங்க மேடம். அறுபத்திரண்டு வட்டத்தையும் அடிச்சிடுங்க. இந்த மலையை மட்டும் அந்தத் தாள்ல சேர்த்துடுங்க."

"அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அளவே இல்லாத மலையைச் சேர்க்க விதி இல்லை. புதிய குழு, புதிய வட்டங்கள், புதிய அளவு. அது ஐந்து ஆண்டுகளுக்குப் பின், அடுத்த சுற்றில்."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. திருத்திய வரைபடத்தில் மலை சாம்பல் நிறத்தில் இருந்தது. சாம்பல் என்றால் தகவல் இல்லை என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நாட்டில் அவர் கை பட்ட மற்ற ஐம்பத்தொரு இடங்களிலும் அதே சாம்பல். அண்டை நாடுகளில் யார் யாருடைய மலை எப்படி ஆனதோ, யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நாடா அலுவலகச் சொத்து என்பதால் துடைத்துச் சுருட்டி ஒப்படைத்தார். இப்போது பழைய படிவங்கள் அடுக்கும் அறையில் வேலை. அவருடைய படிவங்களின் மேல் குறுக்காகக் கோடு போட்டு முத்திரை குத்துவதும் அந்த அறையின் வேலைதான். தன் கையெழுத்துக்கு மேலேயே குத்தினார். மொத்தம் எத்தனை தாள் என்று மனைவி கேட்டபோது, எண்ணவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததே இல்லை.

பட்டைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்கிற செய்தி எப்படியோ மலைக்கும் கசிந்துவிட்டது. மேலாளர் வாயிலிருந்தா, டீக்கடையிலிருந்தா, தெரியாது. ஒரே மாதத்தில் பதினொரு வட்டமும் போயிற்று.

நான் எழுதிய இவ்வளவையும் சென்டிமீட்டர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் மனைவிக்கு வாசித்துக் காட்டியாயிற்று. அவர் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டே கடைசிவரை கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்.

"எல்லாம் சரிதான் பெரியம்மா. எப்படியோ கசிஞ்சதுன்னு மட்டும் எழுதாதீங்க. எங்கேயும் கசியல. இவரேதான் கிடங்குக்குப் போய், மணியும் இல்ல ஒண்ணும் இல்ல, நான் பொய் சொல்லிட்டேன் மச்சான்னு சொல்லிட்டு வந்தார். அங்க உண்மையைச் சொல்லிட்டு இங்க பொய்யை வச்சிருக்கக் கூடாதாம். எங்கண்ணன் நம்பல. மாட்டிவிடப் பார்க்கிறார்னு நினைச்சு மூணு நாள் ஒரு மரத்தையும் தொடல. நாலாம் நாள் இங்க வந்து, உன் புருஷன் சொல்றது நிஜமான்னு என்னைக் கேட்டார். அவருக்குப் பொய் சொல்ல வராதுண்ணான்னு நான்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க."