ஜன்னல் வழியாகக் கொடுத்த குழந்தை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தத்தில் நடந்தது இது. ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்தே தொடங்கினால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று உங்களுக்குப் புரியாது. அதற்குச் சில நாட்கள் முன்னாலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. என் கணவர் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் அவருடைய லீவு நாட்களில் மட்டும்தான். அவர் முகத்தைவிட அவர் கையெழுத்துதான் எனக்கு அதிகம் பழக்கம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மகள் பிறந்த செய்தி அவருக்குத் தந்தியில் போயிற்று. அவள் தவழ ஆரம்பித்த பிறகுதான் லீவு கிடைத்து, முதல் முதலாகப் பார்க்க வந்தார்.

வந்த மறுநாள் விடியற்காலையிலேயே எழுந்து போய்விட்டார். சாணி அள்ளப் போன பக்கத்து வீட்டு அக்கா, கூடையை இறக்காமலே எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாம்மா, உங்க வூட்டுக்காரரு ஏரிக்குள்ள நின்னுகினு காத்தோட சண்டை போட்டுகினு கீறாரு?"

போய்ப் பார்த்தேன். கோடையில் வற்றிக் கிடந்த ஏரியின் நடுவில், சட்டையில்லாத உடம்போடு, ஒரு காலை மெதுவாகத் தூக்கி, கையை மெதுவாக நீட்டி, திரும்பிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சட்டென்று ஒரு வேகம் வந்து கை காற்றைக் கிழித்தது. அந்தச் சத்தம் கரையில் நின்ற எனக்கே கேட்டது. கிட்டே போகாமல் திரும்பிவிட்டேன்.

ஊரில் இரண்டே நாளில் கதை கட்டிவிட்டார்கள். எல்லையில் செத்தவன் ஆவி பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். மெட்ராஸ் தியேட்டரில் சீனச் சண்டைப் படம் பார்த்துவிட்டு வந்த வாலிபர்களோ அவரைக் கண்டாலே கையை வெட்டி வெட்டிக் காட்டி "ஹூ, ஹா" என்று கத்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே போவார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மகனுக்குத் தெரியாமல் அவர் தலையணைக்கு அடியில் வேப்பிலை வைத்தாள்.

ஒரு சாயங்காலம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன். அவர் சொன்னது இதுதான். கல்கத்தாவில் அவருடைய பட்டாளத்தின் பூட்ஸ்களைப் பழுது பார்க்க ஒரு சீனர் கடைக்கு எடுத்துப்போவார்களாம். கடைக்காரருக்கு இவர் வயதுதான். கடைக்குப் பின்னால் ஒரு முற்றம். அங்கே சாயங்காலத்தில் அவரும் இன்னும் சிலரும் குங்ஃபூ பழகுவதை இவர் பார்த்திருக்கிறார். எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டபோது அந்த மனிதர் முடியாது என்றாராம். சீனாவோடு யுத்தம் நடந்த சமயத்தில் அந்த ஊர்ச் சீனர்களைப் பிடித்துக்கொண்டுபோய்த் தூரத்து முகாமில் வைத்தார்களாம். "என் அண்ணனை ஏற்றிக்கொண்டு போன லாரியும் உன் லாரியைப் போல இதே பச்சைதான்" என்றாராம்.

"அப்புறம் எப்டி ஒத்துகினாரு?"

"ஒரு நா மழை. பூட்ஸ் மூட்டையோட அவுரு கட வாசல்லயே வழுக்கி வுயுந்தேன். அந்தாளு சிரிச்சிட்டாரு. இம்மாம் பெரிய ஆளு, வுயக்கூடத் தெரியலியேன்னாரு. அங்கேர்ந்து ஆரமிச்சதுதான். மாசக்கணக்கா வுயறது மட்டும்தான் சொல்லிக் குட்த்தாரு."

"வுயறதையா? அதப் போயி யாராவது கத்துக்குவாங்களா?" என்றேன். உள்ளே வேறு கவலை ஓடிக்கொண்டிருந்தது. சீனச் சண்டையின்போது நான் மூன்றாம் வகுப்பு. சீனாக்காரன் வருகிறான் என்று யாராவது சொன்னால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வேன். இப்போது என் புருஷனே அவனிடம் பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறார். மேலே தெரிந்தால் வேலை போய்விடாதா என்று கேட்டேன்.

"பெரிய ஆபிசருக்கே தெரியும் புள்ள. அவுரு பூட்ஸும் அங்கதான் தைக்கறாங்க."

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் மனசு லேசானது உண்மைதான். மறுநாள் மத்தியானம் எல்லாம் கெட்டது.

அவர் கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மோர் கொண்டுபோனேன். எழுப்பலாம் என்று தோளைத் தொட்டேன். அவ்வளவுதான். அவர் கண் திறக்கவில்லை, கை மட்டும் வந்தது. என் மணிக்கட்டு அதற்குள் மாட்டிக்கொண்டது. டம்ளர் உருண்டு போய்ச் சுவரில் மோதியது. கண்ணாடி வளையல்கள் நொறுங்கித் தரையில் விழுந்தன. அப்புறம்தான் கண் விழித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டார். தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தூங்கறவன தொட்டு எழுப்பாத புள்ள. எங்க மிலிட்டிரி லைன்ல யாரும் தொட மாட்டாங்க. தள்ளி நின்னு பேரச் சொல்லி கூப்டு."

"பேரையா? நானா?"

எங்கள் வீடுகளில் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் பள்ளி இறுதி வரை படித்தவள்; அதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள். ஆனாலும் அந்தப் பெயர் நாக்கில் ஏறவில்லை.

வளையல் துண்டுகளைப் பொறுக்கி, மாமியார் கண்ணில் படாமல் எருக்குழியில் போட்டேன். அதைப் போடும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. நான் பெரியவள், வளையலோடு போயிற்று. குழந்தை தவழ்ந்து போய் அவர் தூக்கத்தில் மேலே ஏறினால்?

அதற்கப்புறம் குழந்தையை நான் அவர் பக்கத்தில் விடவே இல்லை. அவர் கையை நீட்டினால் பால் குடிக்க வேண்டும் என்பேன். இன்னொரு தடவை நீட்டினால் எண்ணெய் தேய்த்திருக்கிறேன், வழுக்கும் என்பேன். தூக்கம் வருகிறது என்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கைகள் நீளும், கொஞ்சம் நிற்கும், மடங்கிக்கொள்ளும். ஏன் என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. செய்வது சரியா, தவறா, பெற்ற அப்பாவிடமிருந்து பிள்ளையை ஒளிக்கிறேனே என்று இரவெல்லாம் நினைப்பேன். விடிந்ததும் ஏரியில் அவர் கை காற்றைக் கிழிக்கும் சத்தம் ஞாபகம் வரும். குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொள்வேன்.

லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மகன் நல்லபடியாக வந்தால் பேத்தியைப் பெருமாளுக்குக் காட்டுவதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தாள். மாமியார் வீட்டைப் பார்த்துக்கொள்ள, நாங்கள் இருவரும் குழந்தையோடு திருவிழாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் போனோம். சாமி பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்ப நிறுத்தத்துக்கு வந்தால் ஊரே அங்கே நின்றது.

எங்கள் பக்கம் போகும் பஸ் வந்தது. அது நிற்பதற்குள் ஜன்னல்கள் வழியாகத் துண்டு, பை, குடை எல்லாம் உள்ளே பறந்தன. இடம் பிடிக்க அதுதான் வழி. கைக்குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு, நெரிசலில் தனியாக ஏறிப்போய் வாங்கிக்கொள்வதும் எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். என் அம்மாவும் என்னை அப்படிக் கொடுத்திருக்கிறாள்.

"கொயந்தய எங்கிட்ட குடு. நான் தூக்கிகினு ஏர்றேன்," என்று என் கணவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

நான் அந்தக் கைகளைப் பார்த்தேன். விரல் முட்டிகள் காய்த்துக் கறுத்திருந்தன. "வாணாங்க, புதுசா கூட்டத்தப் பாத்தா அழும்," என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் பக்கம் போனார்.

அப்போது என் தலைக்கு மேலே ஜன்னலிலிருந்து ஒரு அம்மா குனிந்தாள். நெற்றியில் பெரிய நாமம், மடியில் பூசணிக்காய்.

"புள்ள நசுங்கிடப் போவுது மா. இப்டி குடு, நான் வச்சிகினு கீறேன். நீ ஏறி வா."

முன்பின் தெரியாத அந்த அம்மாவிடம் என் மகளைத் தூக்கிக் கொடுத்தேன்.

பின்வாசலில் ஒரு கால் வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு தள்ளு. மறுபடி ஏறப்போனேன். கண்டக்டர் கையைக் குறுக்கே வைத்து, "எங்கம்மா ஏர்ற? மூச்சு வுட எடமில்ல. அட்த்த வண்டில வா," என்று விசில் கொடுத்துவிட்டார். குழந்தை உள்ளே இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் நகர்ந்தது. ஜன்னலில் என் மகளின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. பிறகு யாருடைய முதுகோ மறைத்தது.

என் கணவரையும் முன்வாசலில் இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பையை மார்போடு பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். குழந்தை என்னிடம் இருக்கிறது என்றுதானே அவருக்குத் தெரியும்?

"ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. அங்கே எத்தனையோ பெண்கள் எத்தனையோ புருஷன்களை ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தொண்டை கிழிய, ஊருக்கு நடுவில், முழுப் பெயரையும்.

சடாரென்று திரும்பினார். "பாப்பா பஸ்ஸுக்குள்ள!" என்று கையைக் காட்டினேன்.

பை கீழே விழுந்தது. அவர் ஓடினார். நானும் ஓடினேன். புடவை தடுக்கியது, செருப்பு ஒன்று போயிற்று. பஸ் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது. சுங்குவார்சத்திரம் பக்கமிருந்து திருவிழாவுக்கு வந்த மாட்டு வண்டிகள் முனையில் மறித்ததால் அது கொஞ்சம் தயங்கியது. அந்த நேரத்தில் அவர் பின்வாசல் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார். படியில் தொங்கியவர்கள் திட்டினார்கள். உள்ளே போய்விட்டார். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டிகள் விலகின. பஸ் மறுபடி கிளம்பியது. உள்ளேயிருந்து ஒரு பெரிய கூச்சல். வண்டியை நிறுத்தச் சொல்லிப் பல பேர் ஒரே நேரத்தில் பஸ்ஸின் பலகையைத் தட்டுவது கேட்டது.

பின்வாசலில் அவர் தெரிந்தார். மார்பில் மஞ்சள் தொப்பி. பஸ் நிற்கப் போகிறது என்று ஒரு காலைக் கீழே வைத்தார். அதற்குள் டிரைவர் பிரேக்கை அழுத்தினார் போல. படியில் தொங்கியவர்கள் எல்லோரும் ஒரே குவியலாக அவர் மேல் சரிந்தார்கள். அவர் கை கம்பியை விட்டது.

என் கணவர் குழந்தையோடு ரோட்டில் விழுவதை நான் பார்த்தேன்.

கண்ணை மூடிக்கொண்டேன் என்று பிறகு அங்கே கேட்டவர்களிடம் சொன்னேன். இல்லை, மூடவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவர் விழுகிறவரைப் போல விழவில்லை. கையை ஊன்றவில்லை. தலை உள்ளே மடங்கியது, முதுகு வில்லாக வளைந்தது, ஒரு தோள் தரையைத் தொட்டது, அப்படியே ஒரு சுற்று உருண்டு, செம்மண் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளும் கடைசிவரை குழந்தையைச் சுற்றி ஒரு கூடையைப் போல இருந்தன. அந்தக் கூடை கலையவே இல்லை.

கிட்டே போனேன். சட்டை கிழிந்து தோள்பட்டை முழுக்கத் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. குழந்தை திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும்தான் வீறிட்டு அழுதது.

"இன்னாபா இது, சர்க்கஸா?" என்றான் கூட்டத்தில் ஒருவன். "மிலிட்டிரிகாரரு யா," என்றான் இன்னொருவன். ஜன்னலில் இருந்த அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசணிக்காய் உள்ளேயே போய்விட்டது. "மடிய வுட்டு எறக்கல மா, சத்தியமா எறக்கல. நீ ஏறிட்டேன்னே நெனச்சிகினு இர்ந்தேன்," என்று அழுதாள். அவள் மேல் என்ன தப்பு?

மூச்சு நிதானத்துக்கு வந்ததும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் யாரோ ஒருத்தியிடம் கொடுத்தாய் என்று கேட்பார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"பேர் சொல்லிட்டியே," என்றார்.

அடுத்த பஸ்ஸில் அந்த அம்மாவும் எங்களோடுதான் வந்தாள். குழந்தை என் கணவர் மடியில் தூங்கிவிட்டது. காயம் பட்ட தோளைச் சாய்க்க முடியாமல், ஊர் வரும்வரை அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். மாதக்கணக்காக விழப் பழகினேன் என்று அவர் சொன்னபோது நான் கேலியாகக் கேட்டது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

மாமியாரிடம் வண்டியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம். மஞ்சள் அரைத்துப் பூசினாள். அந்தத் தழும்போடுதான் அவர் லீவு முடிந்து போனார்.

இப்போது அவர் எல்லைப் பக்கம் எங்கோ இருக்கிறார். பயப்படுவது என் சுபாவம், அது போகவில்லை. தந்திக்காரர் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். கூட்டமான பஸ் ஒன்று வந்து நிற்கும்போதெல்லாம் என் மகளை இறுக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறேன். எனக்கு முன்னால் நீண்டிருந்த அந்த இரண்டு கைகளும், அவற்றை நம்பாமல் முன்பின் தெரியாத கைகளில் நான் குழந்தையைத் தூக்கிக் கொடுத்த அந்த ஒரு நொடியும் கண்ணை விட்டு அகல மாட்டேன் என்கின்றன.