இடியப்ப உரலுக்கு ஒரு விரைவுக் குறி

சொந்தத் தொழில் என்றால் தலைக்கு மேலே யாரும் இல்லை என்று நம்பித்தான் இணையத்தில் கடை போடுகிறோம். போட்ட பிறகுதான் தெரிகிறது, மேலே ஒரு கணினி இருக்கிறது, அதைத் தேநீர் கொடுத்துச் சமாளிக்க முடியாது.

வீட்டிலிருந்து பொதி கட்டும் உங்களுக்கு இது புதிதல்ல. சின்ன வயதில் இந்த நாட்டுக்கு வந்து பார்க்டேலில் இறங்கி, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் படித்து, பிறகு பன்னிரண்டு வருடம் சென்னையில் இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் ஸ்காபரோவுக்குத் திரும்பியவள் நான். அக்கா வீட்டு பேஸ்மென்டில் இருந்து இடியப்ப உரல் விற்கிறேன். இணையச் சந்தைத் தளத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள், சீக்கிரம் வந்துசேரும் என்று தளம் போடும் விரைவுக் குறி இல்லாத பொருளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்தக் குறிக்கு ஒரு மாதப் பரீட்சை. வந்த ஓடர் அன்றே போகவேண்டும், சனிக்கிழமையும்தான். ஒவ்வொரு பொதிக்கும் ட்ராக்கிங் இலக்கம் வேண்டும். நாங்களாக எதையும் ரத்துச் செய்யக்கூடாது.

தீபாவளிக்குப் பிறகு பேஸ்மென்டை வாடகைக்கு விடுவதாக அத்தான் சொல்லிவிட்டார். அதற்குள் குறி வராவிட்டால் கடை இல்லை. சுவர் மறையும்படி அடுக்கிய பெட்டிகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "உது அசையாட்டி, வாடகைக்கு வாறவைக்கு இடியப்பம் அவிக்கத் தெரியோணும் எண்டுதான் நான் விளம்பரம் போடவேணும்."

மரியாதைக்கு ஒரு ரத்து

முதல் பரீட்சையில் தோற்றேன். கோயிலில் பழக்கமான ஒரு அன்ரி தொலைபேசியில் வந்தார். "பிள்ளை, மருமகளும் ஒண்டு வாங்கிப்போட்டாளாம். என்ரய எப்பிடி நிப்பாட்டுறது?" வயதானவரைக் கணினியோடு மல்லுக்கட்ட விடுவதா? "நீங்கள் கஷ்டப்படாதேங்கோ அன்ரி, நான் செய்யிறன்" என்று என் பக்கத்திலிருந்து ரத்துச் செய்தேன். இப்படி இன்னும் நாலைந்து பேருக்கு.

அவர்கள் தாங்களே ரத்துச் செய்திருந்தால் பிழையில்லை. நான் செய்ததால், பொருள் கொடுக்க வக்கில்லாதவள் என்று கணினி எழுதிக்கொண்டது. உதவிப் பிரிவை அழைத்து முழுக் கதையையும் சொன்னேன். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது: "நீங்கள் உதவி செய்ததைக் குறிக்க இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை, மேடம்."

கைக்கெட்டிய உரல்

அன்றிரவே இரண்டாம் முறை விண்ணப்பித்தேன். இனிமேல் யாருக்கும் சலுகையில்லை என்று பொதி மேசைக்கு மேலே எழுதி ஒட்டினேன். முதல் வாரமே சோதனை வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் குலம் அங்கிள், விட்பியில் வீடு வாங்கிய மகளின் குடிபூரலுக்குக் கொடுக்கவென்று ஒரு பித்தளை உரல் ஓடர் பண்ணியிருந்தார். மத்தியானம் நேரே வாசலில் வந்து நின்றார். "ஏன் பிள்ளை வீண் தபால்? தாரும், கையோட கொண்டுபோறன்."

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். அடுத்தவருக்கு வேலை வைக்கக்கூடாது என்ற நல்ல மனசு. ஆனால் கையில் கொடுத்தால் ட்ராக்கிங் இல்லை, தபாலில் போட்டால் மறுகோடியில் மிசிசாகாவில் இருக்கும் பொதி பிரிக்கும் நிலையத்துக்குப் போய்த்தான் திரும்பி வரும். இல்லை அங்கிள், முடியாது அங்கிள் என்று நின்றேன். "கண்ணுக்கு முன்னால கிடக்கிற பெட்டி, மிசிசாகாவுக்குப் போய்த்தான் எனக்கு வரவேணுமோ?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த தேநீரையும் குடிக்காமல் போனார். அடுத்தநாள் பின்னேரம் அழைத்தார்: "உம்மட பெட்டி ஊர் சுத்திப் பாத்திட்டு இப்பதான் வந்து இறங்கியிருக்கு."

புரட்டாதிச் சனி

சனிக்கிழமைகளில் பொதி எடுக்கும் கவுன்டர் இரண்டு மணிக்குப் பூட்டிவிடும். புரட்டாதிச் சனியில் அக்காவுக்குக் கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கவேண்டும். வீட்டில் ஒரே கார். ஆகவே பதினொரு பொதிகளும் எங்களோடு சனீஸ்வரன் சந்நிதிக்கு வந்தன. வரிசை அசையவில்லை. ஒன்றரை ஆனதும் என் எள்ளுப் பொட்டலத்தை அக்காவின் கையில் திணித்துவிட்டுக் காரை எடுத்தேன். "சனியனை வீட்டில வச்சுக்கொண்டு இஞ்ச ஏனடி வந்தனாங்கள்?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பூட்ட ஐந்து நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தேன். அக்கா காரின் பின்னால் விட்டிருந்த எள்ளெண்ணெய்ப் போத்தல் கவிழ்ந்திருந்தது. நல்ல வேளை, ஒரு பெட்டியின் மூலையில்தான் பட்டிருந்தது. அதை அங்கேயே புதுப் பெட்டிக்கு மாற்றினேன். கவுன்டரில் நின்ற, இங்கே பிறந்த எங்கள் ஆட்களின் பிள்ளை ஒருத்தி மூக்கைச் சுளித்தாள்: "அன்ரி, இது கிச்சன் ஐட்டம் எண்டு போட்டிருக்கு, ஆனா டெம்பிள் மாதிரி ஸ்மெல் பண்ணுதே?"

கடைசி நாள்

பரீட்சையின் கடைசி நாள், மூன்று மணி. வின்னிபெக்கிலிருந்து ஒரு பித்தளை உரலுக்கு ஓடர் வந்தது. கவுன்டர் ஐந்துக்குப் பூட்டும். கணினியில் ஒன்று இருப்பு என்றிருந்தது. தட்டிலோ வெறும் தூசி. மேலே ஓடிப்போய்க் கேட்டேன். அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டே, "கொழும்பால வந்த மாமி வெறுங்கையோட போறதே? நான்தான் குடுத்துவிட்டனான்" என்றாள். கொடுத்தது நியாயம்தான். கணினிக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ரத்துச் செய்தால் எல்லாம் முடிந்தது. "லேபிளை மட்டும் அடிச்சுவிடும், சாமான் போயிட்டுது எண்டு கொம்பியூட்டர் நினைக்கும், சாமானைப் பிறகு பாப்பம்" என்றார் அத்தான். மாட்டேன் என்றேன். வின்னிபெக்கில் ஒருவர் காத்திருப்பார். வெறும் லேபிளை அவிக்க முடியாது. அப்போதுதான் நினைவு வந்தது, குலம் அங்கிளின் மகளுக்குக் குடிபூரல் அடுத்த மாதம்தான், அந்த உரல் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கும். செருப்போடு ஓடினேன்.

குலம் அங்கிள் கதவைத் திறந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். புதுச் சரக்கு வந்ததும் முதல் உரல் உங்களுக்குத்தான் என்றேன். உள்ளே போய், நான் ஒட்டிய டேப் கூடப் பிரியாத பெட்டியோடு வந்தார். நீட்டவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "கையில தரலாமோ பிள்ளை, இல்லாட்டி மிசிசாகாவுக்கு அனுப்பட்டோ?"

வின்னிபெக் பொதி நேரத்துக்குப் போனது, குறி வந்தது, உரல்கள் அசையத் தொடங்கின, அத்தானும் விளம்பரத்தைத் தள்ளிப்போட்டார். குலம் அங்கிள் மட்டும் தன் புதுப் பித்தளை உரலைக் கையில் வாங்கமாட்டாராம், ட்ராக்கிங் இலக்கத்தோடு வந்தால்தான் கதவு திறப்பாராம்.