ஏழையாக்கப்பட்ட மண்

அந்த அம்மாளை ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன். காதோரம் நரை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. தெரியாத இங்கிலீஷ் வார்த்தை கண்ணில் பட்டால், நகல் எடுப்பதை நிறுத்திவிட்டுத் தடித்த அகராதியைப் புரட்டுவார்.

சந்தவாசலில் இருக்கும் என் நிலத்தின் மண் பரிசோதனை அறிக்கையை நகல் எடுக்க அவரிடம் நீட்டினேன். நிலத்தை விற்றுவிடும் முடிவில் இருந்தேன்.

“இம்பாவரிஷ்டுனு போட்டிருக்குங்களே,” என்றார்.

“மண்ணு செத்துப்போச்சுனு அர்த்தங்களா? அதான் வித்துடலாம்னு இருக்கேன்.”

அகராதியில் விரல் வைத்துப் படித்தார். “இல்லீங்க, ஏழையாக்கப்பட்டதுனு அர்த்தம். லத்தீன்ல இதோட வேருக்கு, கொஞ்சமா விளையறதுனு பொருளாம். பொறக்கும்போதே ஏழை இல்ல, யாரோ ஆக்கிட்டாங்க. நீங்க என்ன பண்ணிகினு இருந்தீங்க?”

“வருசம் மூணு போகமும் நெல்லுதாங்க. சும்மா வுட்டதே இல்ல.”

“அப்ப ஜல்தியில வித்துடாதீங்க. கொஞ்சம் ஓய்வு குடுத்துப் பாருங்க.”

பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். விதைத்து, வளர்ந்த செடியை மடக்கி உழுது, ஒரு போகம் நிலத்தைச் சும்மா விட்டேன். அடுத்து நட்ட நெல் நன்றாகத் தூர் கட்டியது.

தப்பு என்னுடையதுதான் என்று எனக்கு உணர்த்திவிட்டும், ஒருவனை இத்தனை நிம்மதியாக அவரால் எப்படி அனுப்பிவைக்க முடிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.