தம்பியின் கடைவாய்ப் பல்

என் தம்பி பிறக்கும்போதே அவன் இதயத்தில் ஓட்டை இருந்தது. நாலடி ஓடினால் மூச்சிரைக்கும். ஆகவே அவனை ஓட விடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஓடக்கூடாத பிள்ளைக்கு வேறு எதைத்தான் கொடுப்பது? மிட்டாய் கொடுத்தோம். ரப்பர் வெட்டப் போய்த் திரும்பும் அப்பா கையில் மிட்டாய் இருக்கும். பனச்சமூட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த மாமன், அம்மாவின் தம்பி, சட்டைப்பை நிறையக் கொண்டுவருவார். ஆறு வயதில் அவனுக்கு இதயத்தைவிடப் பற்கள் மோசமாக இருந்தன.

எங்கள் ஊரான ஆரியங்கோட்டிலிருந்து அவ்வப்போது அவனைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். ஒருமுறை அங்கே இளவயது டாக்டரம்மா ஒருவர் எங்களைத் தேடி வந்தார். பல் டாக்டர். இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தைகளின் பல்லில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன, அவை ரத்தத்துக்குள் போகின்றனவா என்று ஆராய்ச்சி செய்வதாகவும், தம்பியையும் அதில் சேர்க்கலாமா என்றும் மலையாளத்தில் கேட்டார். எல்லையோரத்து எங்களுக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுதான். அம்மா சம்மதித்தாள்.

மெல்லிய குச்சியால் அவன் பல்லிடுக்கைச் சுரண்டி எடுத்தார் டாக்டரம்மா. மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கவிட்டார். ஏதோ நெளிந்தது, துள்ளியது. நம் தம்பிக்குள் இவ்வளவு உயிர்கள் ஓடியாடுகின்றனவே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைவாய்ப் பல் ஒன்று அடிவரை சொத்தையாகியிருந்தது. அதை வேறெங்கும் எடுத்துவிடாதீர்கள், முதலில் மருந்து கொடுத்துவிட்டு நாங்களே எடுக்கிறோம் என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த முறை பல்லைச் சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும் ரத்தம் எடுத்தார்கள். தம்பி கதறிய கதறலில் அம்மாவும் அழுதுவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி, ஏழைப் பிள்ளைகளை வைத்துத்தான் இவர்கள் எல்லாம் பரீட்சித்துப் பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுப்படி ஏறும்போதே அம்மா அப்பாவிடம், "எம்பிள்ள என்ன வெள்ளெலியா? இனி அங்ஙன போவாண்டாம்" என்றாள். அப்பா சரி என்றார். அவர் எதற்கும் சரி என்பவர்.

அந்த மழைக்காலத்தில் தம்பி மெலிந்தான். சோற்றைத் தள்ளி வைத்தான். அந்தி நேரத்தில் உடம்பு லேசாகச் சுடும். காலையில் ஒன்றும் இருக்காது. முந்திரிக்கொட்டை ஆலையில் வேலை முடிந்து வரும் அம்மா, கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த கையை அவன் நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். பல்வலிக் காய்ச்சல் என்று சுக்குத் தண்ணீர் கொடுப்பாள்.

ஒருநாள் ஈறு வீங்கி அவன் துடித்துக்கொண்டிருந்தபோது மாமன் வந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். "எலே மக்கா, வாய ஒண்ணு தொற. மாமன் பாக்கட்டும்" என்று விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். பல் ஆடியது. நூலைக் கட்டினார். "அந்தா பாரு, ஜீப்புல கொரங்கு ஏறுது!" என்றார். தம்பி திரும்பிப் பார்த்தான். பல் மாமன் கையில் இருந்தது. குரங்கு எங்கே என்று கேட்டு, வாயில் ரத்தத்தோடு தம்பி சிரித்தான். அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு கஞ்சி குடித்தான். வேலையிலிருந்து வந்த அம்மா விஷயத்தைக் கேட்டு ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு வழக்கம்போல அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சில நாளில் குளிர்காய்ச்சல் வந்து தூக்கிப்போட்டது. மாமன்தான் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பல்லைப் பிடுங்கிய கதையை அவரே எல்லோரிடமும் சொன்னார். அதனால்தான் காய்ச்சல் என்று அங்கிருந்தவர்கள் பேசிக்கொண்டதும், வார்டுக்குள் வர அவருக்கு முகமில்லை. வெளியே மரத்தடியில் நின்றார், மழையிலும் நின்றார்.

தம்பியின் ரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தது. முன்பு அவன் பல்லிலிருந்து எடுத்த அதே இனம் என்று டாக்டரம்மா வந்து சொன்னார். அது இதயத்தில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டதாம். கட்டிலருகே உட்கார்ந்து, காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று அம்மாவிடம் கேட்டார்.

"மழ தொடங்கினப்பமே உண்டு. அந்திக்கு மட்டும் சுடும்" என்றாள் அம்மா.

டாக்டரம்மா அம்மாவின் பக்கம் குனிந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அப்போ பல்லு எடுத்ததுகொண்டல்ல, சேச்சி. அதுக்கு முன்பே தொடங்ஙியிருக்கு" என்றார். பல்லைப் பிடுங்கியதால் வந்ததல்ல, அழுகின பல்லால் மென்று தின்றாலே போதும், கிருமி ரத்தத்தில் ஏறிவிடுமாம். அந்தக் காய்ச்சல் தொடங்கியபோதே கொண்டு வந்திருந்தால், என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

அம்மா ஜன்னல் வழியே மரத்தடியைப் பார்த்தாள். மாமன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். "நீ போயி தம்பிக்கு சூடுவெள்ளம் வாங்கிட்டு வா" என்று வெந்நீர் வாங்க என்னை அனுப்பினாள்.

தம்பி பிழைக்கவில்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவே குழி வெட்டினார்கள். குழந்தைக்கான குழி என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. வந்திருந்த சொந்தக்காரர்கள் மாமனை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பெரியப்பா அடிக்கவே போனார். மாமன் தடுக்கவில்லை. நேராக அம்மாவிடம் வந்து அவள் காலடியில் விழுந்து, "நானாக்கும் கொன்னேன், எக்கா. எங்கையாலே கொன்னுட்டேன்" என்று தரையில் தலையை மோதினார்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் வாய் ஒருமுறை திறந்து மூடியது. பிறகு குனிந்து, அந்தக் கறுத்த கையை மாமனின் தலையில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். நெடுநேரம் தடவினாள்.

"அவளுக்கு எம்புட்டு பெரிய மனசு பாத்தியளா" என்று பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு அப்போது நினைவிருந்தது. இருந்தும், அம்மா மாமனை மன்னிக்கிறாள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு நின்றேன்.