இரும்பனுக்கு வைத்த நேர்த்தி

உலகத்திலேயே இல்லாத ஒருவனுக்காக எங்கள் வீட்டில் ஒரு கிழமை மச்சமாமிசம் சமைக்காமல் இருந்தோம். அவன் பெயர் இரும்பன். அவனை உண்டாக்கியவன் என் தம்பி.

அப்போது எனக்குப் பத்து வயது. கனடாவில் இருந்து மாமாவின் மகன் ஓகஸ்ட் லீவுக்கு எங்கள் ஊர் முள்ளியவளைக்கு வந்திருந்தான். பெட்டி நிறையச் சொக்லேட் வரும் என்று பார்த்திருந்த எங்களுக்கு முன்னால் ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு பை தாயக்கட்டைகளையும் எடுத்து வைத்தான். இருபது முகம் உள்ள கட்டைகூட அதில் இருந்தது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைக் கட்டை தீர்மானிக்கும். கதை சொல்பவன் மச்சான், இரும்பன் என்ற வாள் வீரனாகத் தம்பி, வைத்தியக்காரி நான். எனக்கும் வாள்தான் வேண்டும் என்று அடம்பிடித்துப் பார்த்தேன். காயம் மாற்ற ஆள் இல்லாவிட்டால் முதல் குகையிலேயே எல்லோரும் செத்துப்போவோம் என்று மச்சான் பயமுறுத்தினான்.

விறாந்தையில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து விளையாடினோம். அப்பாவின் முள்ளந்தண்டுக்குக் கிட்ட, சண்டையில் பட்ட ஷெல் துண்டு ஒன்று இருந்தது. அதை எடுக்கப் போனால் கால் இரண்டும் விளங்காமல் போகலாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்று டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். நல்ல நாளில் அப்பா சைக்கிள் ஓடுவார். மற்ற நாட்களில் அம்மா பிடித்துத் தூக்கினால்தான் எழும்புவார். அந்த லீவு முழுக்க மற்ற நாட்களாகவே இருந்தன.

ஆட்டத்தில் எங்கள் சண்டை முதல் நாளே தொடங்கிவிட்டது. எவ்வளவு காயம் பட்ட வீரனும் ஒரு இரவு படுத்து எழும்பினால் முழு உயிரோடு எழும்புவான் என்று மச்சான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். தம்பி நம்பவில்லை.

"அப்ப அப்பா எத்தினை இரவு படுத்து எழும்பிட்டார்?" என்று கேட்டான்.

மச்சான் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான். கட்டிலில் கிடந்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொள்ள, அம்மா குசினியில் இருந்து எண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்து எங்கள் மூவரையும் ஏசிவிட்டு அவர் முதுகைத் தேய்த்துவிட்டார்.

அடுத்தது மந்திரம். வைத்தியக்காரி கையை வைத்து மந்திரம் சொன்னால் காயம் மாறும் என்றான் மச்சான். இப்போது எனக்குக் கோபம் ஏறியது.

"சும்மா கை வைச்சா ஆர் சுகமாக்குவினம்? ஒண்டும் குடுக்காமல் அம்மாளே செய்யமாட்டா" என்றேன்.

எங்கள் ஊரில் யாருக்காவது சுகமில்லை என்றால் மருந்தும் எடுப்பார்கள், கோயிலில் இருக்கும் அம்மாளுக்கு நேர்த்தியும் வைப்பார்கள். சுகம் வந்தால் காவடி, பாற்செம்பு, கோயிலைச் சுற்றி உருளும் பிரதட்டை, ஏதோ ஒன்று. ஆகவே என் சட்டம் இது: வைத்தியக்காரி முதலில் என்ன தருவேன் என்று அம்மாளுக்குச் சொல்ல வேண்டும். பிறகு கட்டையை உருட்ட வேண்டும். சுகம் வந்தால் சொன்னதைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மாறிய காயம் திரும்பப் பிளக்கும்.

"புத்தகத்தில அப்பிடி இல்லை" என்றான் மச்சான்.

"புத்தகம் கனடாவில எழுதினது. காயம் இஞ்ச பட்டது."

நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். வைத்தியக்காரி இல்லாமல் ஆட்டம் நகரவில்லை. அடுத்த நாள் பின்னேரம் மச்சான் இறங்கி வந்தான்.

அதற்குப் பிறகு ஆட்டம் அருமையாகப் போனது. கதைக்குள் தேங்காயும் மாங்காயும் நேர்ந்து, கதைக்குள்ளேயே கொடுத்துத் தீர்த்தோம். ஏழு தலை முதலை வரும்வரை எல்லாம் சரி. அது குளக்கட்டில் வைத்து இரும்பனின் கழுத்தைக் கவ்விவிட்டது. இருபது விழுந்தால்தான் தப்புவான் என்று மச்சான் சொன்னதும் தம்பிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விக்கி விக்கி அழுதான். நான் கட்டையை இரண்டு கையிலும் பொத்திக்கொண்டு கண்ணை மூடினேன்.

"அம்மாளே, இரும்பன் தப்பினால் உன்ர கோயில் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுப்பன்!"

கட்டை உருண்டு அலுமாரிக்குக் கீழே போனது. தம்பி படுத்து உள்ளே தவழ்ந்தான். "இருபது!" என்று அங்கிருந்தே கத்தினான்.

நாங்கள் குதித்த குதிப்பில் அம்மா வெளியே வந்தார்.

"தேருக்குச் சட்டி எண்டு கேட்டுது. ஆருக்கு நேர்த்தி வைச்சனீ?"

"இரும்பனுக்கு."

"ஆரடி இரும்பன்?"

விளக்கினோம். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் இறுகியது.

"விடுமப்பா, பிள்ளையள் விளையாடினது" என்றார் அப்பா.

"விளையாட்டெண்டாலும் அம்மாளின்ர பேரைச் சொன்னது சொன்னதுதான். கேட்டதை அவ குடுத்திட்டா. இனி இவள் குடுக்கத்தான் வேணும்."

அதோடு கதை முடிந்தது. நேர்த்தி என்றால் விரதம், விரதம் என்றால் வீடு முழுக்க. அடுத்த கிழமை தேர்த் திருவிழா வரும்வரை மீன் இல்லை, முட்டை இல்லை. கனடாவில் இருந்து ஊர் நண்டுக்கறி தின்ன வந்த மச்சான் கத்தரிக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். பேசாமல் இரும்பனைச் சாகவிட்டிருக்கலாம் என்று ஒருமுறை சொல்லி, தம்பியிடம் அடியும் வாங்கினான்.

அந்தக் கிழமையில்தான் தம்பி இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்தான். சுகம் வர முதலே நேர்த்தியைக் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும்?

சட்டம் என்னுடையது, தீர்ப்பும் நான்தான் சொல்ல வேண்டும். நன்றாக யோசித்தேன்.

"முன்னமே குடுத்தால், பிறகு அம்மாள் மாட்டன் எண்டு சொல்ல ஏலாது. கட்டாயம் சுகமாக்க வேணும். கட்டை உருட்டவும் தேவையில்லை."

வாசற்படியில் இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தினார்.

"கட்டாயமோ?"

"ஓமம்மா, கட்டாயம்."

"எத்தினை நாளைக்குள்ள?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. "அது அம்மாளின்ர விருப்பம்" என்று சொல்லிவைத்தேன். அம்மா சுளகைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். எங்கள் ஆட்டத்தில் அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

தேருக்கு முதல் நாள் அம்மா சந்தையில் இருந்து இரண்டு சட்டி வாங்கிவந்தார். சின்னது எனக்கு. பெரியது ஏன் என்று கேட்டேன்.

"நீ சின்னப்பிள்ளை. தனிய விடுவனே?" என்றார்.

அடுத்த நாள் வேப்பிலையை உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் சட்டியை ஏந்தி, தேருக்குப் பின்னால் நடந்தோம். மணல் காலைச் சுட்டது, சட்டி கையைச் சுட்டது. பாதி வீதியில் நான் அழத் தொடங்கினேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தன் சட்டியில் நெருப்புத் தணியத் தணியக் கற்பூரத்தை அள்ளிப் போட்டபடி நேரே பார்த்து நடந்தார். துணைக்கு வந்தவர் துணையாக இல்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே மிச்ச வீதியையும் நடந்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கால்கூடக் கழுவவில்லை. நேரே அப்பாவின் கட்டிலடிக்குப் போய் நின்றார். கை இரண்டும் கரியாக இருந்தது.

"இப்ப முதுகு நோ எப்பிடி?"

"அப்பிடியேதான். ஏன்?" என்றார் அப்பா.

"சும்மா கேட்டனான்."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நான் மச்சானிடம் போய் நேர்த்தி கொடுத்தாயிற்று என்று சொல்லி, இரும்பனுக்கு முழு உயிரும் திரும்பிவிட்டதை அவன் வாயாலேயே சொல்லவைத்துவிட்டு ஓடிவந்தேன்.

"அம்மா, இரும்பனுக்குக் காயம் முழுக்க மாறிட்டுது!"

அம்மா கரிக்கையைச் சேலையில் துடைத்தார்.

"அப்ப சரி. உன்ர சட்டத்தில பிழையில்லை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார்.

மச்சான் கனடா போனான், புத்தகமும் கட்டைகளும் அவனோடு போயின. தம்பி இரும்பனை மறந்து கிரிக்கெட்டுக்குப் போனான். அடுத்த வருடம் தேருக்கு முதல் நாள் அம்மா பெரிய சட்டி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் எந்த நேர்த்தியும் வைக்கவில்லையே என்று அவசர அவசரமாகச் சொன்னேன். "தெரியும்" என்றார் அம்மா. இந்த முறை எனக்குக் கை சுடாது என்ற சந்தோசத்தில், அது யாருக்கு என்று நான் கேட்கவேயில்லை.