கராத்தே மாஸ்டர் படமும் என் மைக்கும்

சினிமா தியேட்டர் வாசல்ல நின்னு, வெளிய வர்றவங்க வாய்க்கு நேரா மைக்கை நீட்டி 'படம் எப்படி இருக்கு'ன்னு கேக்கறதும் ஒரு வேலைதாங்க. எங்க பக்கம் இதுக்கு 'பப்ளிக் டாக்'னு பேரு. நகரியில காலைல ரயிலேறி திருப்பதிக்கு வந்து, ஆறு வருஷமா ஒரு யூடியூப் சேனலுக்கு இதைத்தான் செஞ்சுக்கினு இருக்கேன். வீட்டுல தமிழ், மைக்குல தெலுங்கு, உச்சி வெயில்ல ரெண்டுமே வராது. உங்கள்ல யாராவது வீடு வீடாப் போய் கணக்கெடுக்கறவங்களோ, போன் பண்ணி 'எங்க சர்வீஸ் எப்படி இருந்துச்சு சார்'னு கேட்டுத் திட்டு வாங்கறவங்களோ இருந்தா, கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. நம்ம வலி நமக்குத்தான் தெரியும்.

இப்ப சொல்லப் போறது ஒரே ஒரு படத்தோட மூணு நாள் கதை. எடுத்தவர் எங்க ஊரு தாமு மாஸ்டர். கல்யாண மண்டபத்துக்குக் கீழ இருக்கற ஹால்ல இருபத்தஞ்சு வருஷமா கராத்தே சொல்லிக் குடுக்கறவர். ஹீரோவும் அவரே, டைரக்டரும் அவரே. ரவுடிங்க பூரா அவர்கிட்ட படிச்ச பசங்க. சண்டைக்கு நடுநடுவுல ஜனங்க சிரிக்கணுமேன்னு ஒரு காமெடி நடிகரையும் கூட்டிக்கினு வந்து, மூணு வருஷம் எடுத்தார். திருப்பதியில ஒரு தியேட்டர், சித்தூர்ல ஒரு தியேட்டர், அவ்வளவுதான் கிடைச்சுது. திருப்பதி மேனேஜர் கறாராச் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமைக்குள்ள நல்ல டாக் வந்தா ரெண்டாவது வாரம் ஒரு ஷோ, இல்லன்னா திங்கக்கிழமை காலைல படத்தைத் தூக்கிடுவாராம். வெள்ளிக்கிழமை மாஸ்டர் என்கிட்ட வந்து நின்னார். "ஜனங்க என்ன சொன்னாலும் வெட்டாம போடும்மா சுகுணா. எனக்கு நெஜம் தெரியணும்."

சந்தனம் பூசின தலைங்க

முதல் ஆட்டத்துக்குப் பாதி ஹால் நிறைஞ்சுது. சின்னப் படத்துக்கு அது பெரிய விஷயம். மாஸ்டர் முகத்துல பல்லு மட்டும்தான் தெரிஞ்சுது. வெளிய வந்தவங்க பத்துப் பேர்கிட்ட மைக்கை நீட்டினேன். பத்துப் பேரும் சூப்பர்ம்மா, அருமைம்மா, குடும்பத்தோட பாக்கலாம்மான்னு வரிசையாச் சொன்னாங்க. பத்துப் பேருக்கும் தலைல முடி இல்ல, சந்தனம்தான் இருந்துது. அது அப்ப எனக்கு உறைக்கவே இல்ல பாருங்க. ஆறு வருஷ அனுபவமாம், மண்ணாங்கட்டி.

கடைசியா ஆரணிக்காரர் ஒருத்தர், பொண்டாட்டி புள்ளைங்களோட வந்தார். அவரும் சூப்பர்னார். எந்தச் சண்டை புடிச்சுதுன்னு கேட்டேன். மனுஷன் முழிச்சார். அப்புறம் மெதுவா விஷயத்தைச் சொன்னார். மொட்டை போட்டாச்சு, லாட்ஜ்ல ரூமைக் காலி பண்ணியாச்சு, தரிசன டைம் சாயங்காலம்தான், அதுவரைக்கும் ஏசியில இருக்கலாம்னு உள்ள வந்தாங்களாம். அப்ப எதுக்கு அண்ணா சூப்பர்னு சொன்னீங்கன்னு கேட்டேன். "சாமி பாக்கப் போறோம்மா. இந்த நேரத்துல யாரப் பத்தியும் கெட்டதாப் பேசக்கூடாது. மத்தபடி நான் பேரு போடறப்பவே தூங்கிட்டேன்."

ஓனர் போன்

இது தெரிஞ்சும், சேனல் ஓனர் அவசரப்படுத்தினார்னு மத்தியானமே வீடியோவை ஏத்திட்டோம். ஒரு மணி நேரத்துல கீழ கமெண்ட்டா வந்து விழுந்துது. எல்லாரும் ஒரே கம்பெனி ஆளுங்க, ஒரே நாவிதர்கிட்ட கூட்டிக்கினு போய் மழிச்சு நிக்க வெச்சிருக்காங்க, மாஸ்டரோட மாணவருங்கதான் இவங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு எழுதினாங்க. திருப்பதியில மொட்டைத் தலையைப் பாத்து சந்தேகப்படறவங்களை என்னன்னு சொல்றது?

ஓனர் போன்ல கத்தினார். இனிமே துண்டு துண்டாப் போட வேணாம், மூணு நாள் பேச்சையும் சேத்து ஞாயித்துக்கிழமை ஒரே வீடியோவாப் போடுன்னார். எனக்கும் கோவம் வந்து மைக்கைச் சுத்தி பையில போட்டேன். கேமராக்காரன் பாஸ்கர் மட்டும் அலட்டிக்காம டீ குடிச்சுக்கினு இருந்தான். "அக்கா, மேட்னிக்கு முடி இருக்கற ஆளாப் பாத்துப் புடிப்போம்."

சிரிப்பு வந்த இடம்

மேட்னிக்கு காலேஜ் கூட்டம். முடிக்குக் குறைச்சல் இல்ல. வாய்க்கும் குறைச்சல் இல்ல. ஹீரோ கால் தூக்கறதுக்கு முன்னாடியே அடி விழற சத்தம் வந்துடுதுன்னு ஒருத்தன் சொன்னான். பன்னெண்டு பேரு சுத்தி நின்னுக்கினு ஒவ்வொருத்தனா வரிசைல வந்து அடி வாங்கறாங்க, ரேஷன் கடையில கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாதுன்னு இன்னொருத்தன். மாஸ்டர் மூஞ்சில மாஸ்க் போட்டுக்கினு என் பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தார். எனக்குத் திரும்பிப் பாக்க தைரியம் வரல.

சத்தியவேடு பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா, அவ மட்டும் கிண்டல் பண்ணாம, நல்லா யோசிச்சுச் சொன்னா. அந்த நிதானம்தான் மாஸ்டரை ரொம்பக் குத்திடுச்சு. இருபத்தஞ்சு வருஷமா அவர் உசிரு மாதிரி காப்பாத்தின வித்தை இல்லையா அது? "காமெடி சீன்ல யாருமே சிரிக்கலக்கா. சண்டை வந்தப்பதான் வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

சித்தூர்ல ஒரு நிபுணர்

சனிக்கிழமை சித்தூர். ஹால்ல எண்ணி முப்பது தலை. அதுல ஒரு பெரியவர், திரையில யாராவது கீழ விழுந்தா போதும், முன்னாடி குனிஞ்சு உத்துப் பாத்தாராம். வாசல்ல டிக்கெட் கிழிக்கறவர் எனக்குக் காட்டிக் குடுத்தார். விசாரிச்சா, புத்தூர்ல எலும்புக்குக் கட்டுப் போடறவர். புத்தூர் கட்டு நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. கை கால் முறிஞ்சா இந்தப் பக்கத்து ஜனங்க முதல்ல அங்கதான் ஓடுவாங்க.

படத்துல கயிறு கட்டித் தூக்கற வேலையே இல்ல, அதுக்குக் காசும் இல்ல, பசங்க நெஜமாவே விழுந்தாங்கன்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு பையன் அடிபட்டதுக்கு ரெண்டு மாசம் ஷூட்டிங்கையே நிறுத்தி வெச்சு, மாஸ்டர் தினமும் பஸ்ஸேறி வந்து அவன் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தாராம். படம் எப்படிங்க பெரியவரேன்னு கேட்டேன். "நடிப்பு எனக்குத் தெரியாதும்மா. மாடிப்படில உருள்றானே சிவப்புச் சட்டைக்காரன், அது அசலா விழுந்தது. மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டதே நான்தான்."

திரைக்கு முதுகு காட்டினவர்

ஞாயித்துக்கிழமை காலைல திருப்பதி தியேட்டருக்கு மாஸ்டர் வந்தார். ராத்திரி தூங்காத கண்ணு. அந்த சத்தியவேடு பொண்ணு பேசினதை மட்டும் எடுத்துடும்மான்னு கேட்டார். எனக்கு வந்துது பாருங்க கோவம். வெட்டாதன்னு சொன்னது நீங்க, நெஜம் வேணும்னதும் நீங்க, இப்ப நெஜம் கசக்குதான்னு கேட்டுட்டேன். என்னோட கோவம் இறங்கினதும் பாவமாப் போச்சு. சரி மாஸ்டர், எடுத்துடறேன்னு சொன்னேன். அவ பேசினதை எடுத்தா படத்துக்கு ஒரு ஷோ கிடைக்கும்னா, எடுத்துட்டுப் போறேன், எனக்கென்ன?

மேட்னி ஓடிக்கினு இருந்தப்ப அவரைக் காணல. வீடியோ போட நேரமாயிடுச்சேன்னு உள்ள போய்த் தேடினேன். திரைக்குப் பக்கத்துல இருக்கற கதவுகிட்ட, படத்துக்கு முதுகைக் காட்டிக்கினு, ஜனங்க முகத்தையே பாத்துக்கினு நின்னார். நானும் பக்கத்துல போய் நின்னேன். காமெடி நடிகர் வந்ததும் ஹால் பூரா செல்போன் வெளிச்சம். எல்லாரும் குனிஞ்சுட்டாங்க. அப்புறம் அந்த பன்னெண்டு பேர் சண்டை. ஒவ்வொரு தலையா நிமிர்ந்துது. ஒருத்தர் சிரிச்ச சிரிப்புல பாப்கார்னைக் கொட்டிட்டார். ஒரு சின்னப் பொண்ணு சீட்டு மேல ஏறி மாஸ்டர் மாதிரியே காலை வீசுச்சு. அவங்க அம்மாவுக்கு புள்ளையப் புடிக்கவும் முடியல, சிரிப்பை நிறுத்தவும் முடியல. மாஸ்டர் கண்ணு அந்தக் குழந்தை மேலயே இருந்துது.

வெளிய வந்து ஒரு பாட்டில் தண்ணியைக் கடகடன்னு குடிச்சார். பாஸ்கர் லேப்டாப்பைத் திறந்து, அந்த சத்தியவேடு பொண்ணு பேசின இடத்துல கைய வெச்சுக்கினு உத்தரவுக்குக் காத்துக்கினு இருந்தான். மாஸ்டர் அவன் கைய மெல்ல எடுத்து விட்டார். "வெட்டாதப்பா. அவ சொன்னதை வெட்டிட்டா, என் படத்துல நல்லா இருக்கறது எதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்."

அப்படியே போட்டோம். சாயங்காலம் மேனேஜர் போன்லயே முழுசாப் பாத்தார். அந்தப் பொண்ணு பேசினதை ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டு, பதினோரு மணி ஷோ ரெண்டாவது வாரமும் உங்களுக்குன்னு மாஸ்டர்கிட்ட சொன்னார்.

ஆறு வருஷமா ஜனங்களோட கருத்தை நான் மூட்டை மூட்டையாச் சேத்துக்கினு இருக்கேன், அதை வேணும்னு கேட்டு வாங்கிக்கினு போனவர் இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான், அவருக்கும் அதுக்கு மூணு நாள் புடிச்சுது.