வில்ஃப் டெய்ட்டின் குடியரசு

"ராஜா பிள்ளைக்கு நாடு கிடையாதுன்னா, என் பிள்ளைக்கு இந்தத் தோட்டமும் கிடையாது!"

மன்னராட்சியே கூடாது என்னும் வில்ஃப் டெய்ட் தக்காளிப் பெட்டியின் மேல் ஏறி நின்று இப்படி முழங்கியபோது தோட்டச் சங்கக் கொட்டகையே அதிர்ந்தது. பழைய தலைவர், சங்கம் தனக்குக் குத்தகைக்கு விட்டிருந்த தோட்டத் துண்டை மகனுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்த சமயம் அது. அந்தச் சூட்டோடு விதி போட்டோம்: யார் விலகினாலும் நிலம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு, பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. வில்ஃபைத் தலைவராக்கினோம். அன்றுமுதல் வருடாவருடம் அவரேதான். எதிர்த்து நிற்க ஆளில்லை; ஆனாலும் தேர்தல் தேர்தல்தானே.

நிலக்கரிச் சுரங்கம் மூடியபின் வட இங்கிலாந்தில், எங்கள் நார்தம்பர்லாந்து ஊரில் மிஞ்சியது, வெங்காயத்தாள் இனத்து லீக்ஸை யார் பெரிதாக வளர்ப்பது என்ற போட்டி ஒன்றுதான். தொடை கனத்துக்குத் தண்டைப் பெருக்க வைக்கும் இந்தக் கலையில் வில்ஃபை மிஞ்ச ஆளில்லை. அவருடைய சுரங்கத் தோழர் கத்பர்ட், பரம ராஜபக்தர், சும்மா இருப்பாரா?

"டேய் வில்ஃப், உன் லீக்ஸோட அப்பன் யாரு?"

"போன வருஷம் முதல் பரிசு வாங்குனது."

"அதுக்கு அப்பன்?"

"அதுக்கு முந்தின வருஷம் வாங்குனது."

"அப்போ ராஜா குடும்பம் மட்டும் என்னடா பாவம் பண்ணுச்சு?"

"என் லீக்ஸ் வருஷா வருஷம் நடுவர் முன்னாடி நிக்குதுடா. உன் ராஜாவ நிக்கச் சொல்லு பாப்போம்!"

ராஜாவின் முடிசூட்டு நாளில் தெரு முழுக்க மேசை போட்டு விருந்து நடந்தது. வில்ஃப் திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் மறியல் செய்தார். மகள் ஹேசல் ஒரு தட்டை நீட்டினாள். "அப்பா, இது வெறும் கேக்கு. கிரீடம் இல்ல." கண்டனத்தைத் தெரிவித்துவிட்டுச் சாப்பிட்டார்.

பிறகு வில்ஃபின் இடுப்பு எலும்பு மக்கர் செய்தது. பேருந்து ஓட்டும் ஹேசல், தாய் இறந்த நாளிலிருந்து அப்பாவோடு அந்த மண்ணைக் கிளறியவள், இப்போது முழு வேலையையும் செய்தாள். அவர் விலகியே ஆகவேண்டும் என்றானதும், "நான் நிலத்தக் கேக்கவே மாட்டேம்ப்பா. விதி விதிதான்," என்றாள். அன்றே எல்லாத் தொட்டிகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பட்டியலில் அடுத்துக் காத்திருந்த கனவானோ, லீக்ஸ் வாடையே தனக்கு ஆகாது, லாவெண்டர் பூச்செடி போடப்போவதாகச் சொன்னார்.

ஆண்டுக் கூட்டத்தில் கத்பர்ட் எழுந்தார். கூடவே உழைத்த பிள்ளைக்கு நிலம் போகலாம் என்று விதியைத் திருத்தச் சொன்னார். குறும்பா, பரிவா, அது அவருக்கே வெளிச்சம். வில்ஃப் அதை எதிர்த்து அருமையாகப் பேசினார். பிறப்புரிமையின் கேடுகள் ஒன்றுவிடாமல் வந்தன. வாக்கெடுத்தால் இரு பக்கமும் சரிசமம்.

"தலைவரே, சமமா வந்தா உங்க ஓட்டுதான்," என்றார் கத்பர்ட். வாழ்நாளில் முதல்முறையாக மரியாதை.

வில்ஃப் கொட்டகையின் கோடியைப் பார்த்தார். ஹேசல் சங்கத்துக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நகக்கண்ணில் மண்.

அவர் ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றினார். வலது கை காது உயரம்வரை போயிற்று, அதற்குமேல் போகவில்லை.

"ஆதரவா, எதிர்ப்பா?" என்று செயலாளரம்மா கேட்டார்.

"ஆதரவுன்னே எழுதும்மா," என்றார், அன்று ஏறி முழங்கிய தக்காளிப் பெட்டிக்குக்கூடக் கேட்காத சன்னக் குரலில்.